நடுக்களத்துக் கண்: ஆட்டக்காரர் பயிற்சியாளராகும் பாதை

2025 ஆகஸ்ட் மாதம் இந்திய ஆடவர் கால்பந்து அணிக்குக் காலித் ஜமீல் தலைமைப் பயிற்சியாளரானார். 2012இல் சாவியோ மெதெய்ரா விலகிய பிறகு அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். இடைப்பட்ட காலத்தில் விம் கோவர்மான்ஸ், ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், இகோர் ஸ்டிமாச், மனோலோ மார்க்கேஸ் என நான்கு வெளிநாட்டவர்கள் வந்து போனார்கள். ஜமீல் வந்த வேகத்தில் மத்திய ஆசிய நாடுகளின் சிஏஎஃப்ஏ கோப்பையில் ஓமனைப் பெனால்டியில் வென்று இந்தியா மூன்றாமிடம் பிடித்தது. அடுத்த மாதமே கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பை இழந்தது. பாராட்டியவர்களே, நம்மவரால் முடியாது என்று சொல்லத் தொடங்கினார்கள்.

ஒரு மனிதர் இரண்டு மாதங்களில் அறிஞராகவும் ஆகாதவராகவும் மாறிவிட முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஜமீல் ஆடிய காலத்தில் நடுக்கள ஆட்டக்காரர். ஆட்டத்தை நடுவில் நின்று படித்துப் பழகிய ஒருவர், அந்தப் படிப்பைப் பதினொரு பேருக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளராவது எப்படி? அதில் சிலர் மட்டும் ஜெயிப்பது எதனால்? பெங்களூரு, சிங்கப்பூர், கோலாலம்பூர், தஞ்சாவூர் என்று நமக்கு நெருக்கமான ஊர்களிலேயே இதற்கான சான்றுகள் கிடைக்கின்றன.

பந்து வருவதற்கு முன்பே

நல்ல நடுக்கள ஆட்டக்காரரை மைதானத்தில் அடையாளம் காண, பந்தைப் பார்க்காமல் அவர் தலையைப் பார்க்க வேண்டும். பந்து இன்னொருவர் காலில் இருக்கும்போதே அவர் இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை என்று திரும்பிக்கொண்டே இருப்பார். எதிரணித் தடுப்பாட்டக்காரர் எத்தனை அடி தள்ளி நிற்கிறார், தன் அணியின் விங்கர் ஓடத் தொடங்கிவிட்டாரா, எந்த இடம் காலியாகப் போகிறது என்பதெல்லாம் பந்து காலைத் தொடும் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் அவர் உடம்பைப் பாதி திருப்பி வைத்துக்கொண்டு பந்தை வாங்குகிறார். முதல் தொடுதலிலேயே பந்து முன்னோக்கிப் போகிறது. பின்வரிசையில் ஒருவன் இரண்டு விநாடி யோசித்துக் கொடுக்கும் பாஸை இவர் யோசிக்காமல் கொடுப்பதுபோலத் தோன்றும். யோசனை முன்பே முடிந்துவிட்டது என்பதுதான் உண்மை.

பயிற்சியாளருக்குத் தேவைப்படுவதும் இதே பார்வைதான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஆட்டக்காரர் பார்த்ததைத் தன் காலாலேயே செய்துவிடுவார். பயிற்சியாளர் அதைச் சொல்லாக்க வேண்டும், பயிற்சி முறையாக்க வேண்டும், அந்தத் திறமை இல்லாத பையனுக்கும் புரியவைக்க வேண்டும். தனக்கு இயல்பாக வந்ததை மற்றவருக்குப் படிப்படியாக விளக்குவது கடினம். படைப்பாற்றல் மிக்க ஆட்டக்காரர்கள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

பெங்களூருவின் மரபும் கார்ல்டன் சாப்மனும்

இந்தியக் கால்பந்தில் தமிழ்ப் பெயர்கள் அதிகம் வந்தது பெங்களூரு கண்டோன்மென்ட் பகுதியிலிருந்துதான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூருக்காரர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போன துளுக்காணம் சண்முகமும் அதே ஊர்தான். ஆடி ஓய்ந்த பிறகு அவர் பயிற்சியாளராகப் பெயர் பெற்றார். அல்சூர் பக்கத்துக் கௌதமபுரத்தில் இன்றும் பெலேவுக்குச் சிலை இருக்கிறது.

பெங்களூருவில் 1971 ஏப்ரல் 13 அன்று பிறந்தவர் கார்ல்டன் சாப்மன். ஜாம்ஷெட்பூரின் டாடா கால்பந்து அகாடமியில் வளர்ந்து, 1993இல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். அந்த ஆண்டே ஆசியக் கோப்பை வென்றோர் போட்டியில் ஈராக்கின் அல் ஸவ்ரா அணியை ஈஸ்ட் பெங்கால் 6-2 என்று வீழ்த்தியது. நடுக்களத்திலிருந்து வந்து சாப்மன் அதில் ஹாட்ரிக் அடித்தார். பிறகு பக்வாராவின் ஜேசிடி அணிக்குப் போனார். பாய்ச்சுங் பூட்டியாவும் ஐ.எம். விஜயனும் முன்னால் நிற்க, நடுவில் சாப்மன் நின்ற அந்த அணிதான் 1996-97இல் நடந்த முதல் தேசிய கால்பந்து லீகை வென்றது. கொச்சியில் ஒரு சீசன் ஆடிவிட்டு ஈஸ்ட் பெங்காலுக்கே திரும்பினார். 2000-01இல் அவர் தலைமையில் அந்த அணியும் தேசிய லீகை வென்றது. இந்திய அணிக்கும் தலைவராக இருந்தார். 2001இல் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார்.

தன் முப்பதாவது வயதில், இந்தியாவின் சிறந்த கிளப்புகளின் உள்ளும் புறமும் அறிந்த நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர் பயிற்சிக்கு வருகிறார். வேறு நாடாக இருந்தால் அவருக்கு ஒரு பாதை போட்டு வைத்திருப்பார்கள். சாப்மன் தன்னை வளர்த்த டாடா அகாடமிக்கே பயிற்சியாளராகப் போனார். அதன் பிறகு ஷில்லாங்கின் ராயல் வாகிங்டோ, கொல்கத்தாவின் பவானிப்பூர், பெங்களூருவின் ஸ்டூடண்ட்ஸ் யூனியன், டெல்லியின் சுதேவா, கோழிக்கோட்டின் குவார்ட்ஸ் என்று ஊர் ஊராக, கிளப் கிளப்பாக அலைய வேண்டியிருந்தது. எல்லாமே முதல்தர லீகுக்குக் கீழே இருந்த அணிகள், அல்லது மேலே வரப் போராடிக்கொண்டிருந்த அணிகள். ராயல் வாகிங்டோ 2014-15இல் அப்போதைய முதல்தர லீகான ஐ-லீகில் ஆடியபோது அதன் பயிற்சியாளர் வேறொருவர். 2020 அக்டோபர் 12 அன்று பெங்களூருவில் மாரடைப்பால் சாப்மன் இறந்தார். வயது 49.

அவருக்குத் திறமை போதவில்லை என்று இந்த வரலாற்றை வைத்து யாரும் சொல்ல முடியாது. ஓர் அணியைக் கையில் கொடுத்து, நான்கைந்து ஆண்டு இருந்து கட்டி எழுப்பு என்று எந்தப் பெரிய கிளப்பும் அவரிடம் சொல்லவில்லை. மூத்தோர் கால்பந்தில் அவருக்குக் கிடைத்தவை எல்லாம் குறுகிய ஒப்பந்தங்கள்தான்.

சிங்கப்பூரின் சுந்தரமூர்த்தி

கடல் கடந்தால் இன்னொரு வரலாறு. 1965இல் பிறந்த வி. சுந்தரமூர்த்தியைச் சிங்கப்பூர் ரசிகர்கள் 'டேஸ்லர்' என்று கொண்டாடினார்கள். கண்ணைப் பறிக்கும் ஆட்டம், எதிராளியை நின்ற இடத்தில் நிறுத்திவிட்டுக் கடந்துபோகும் கால், எதிர்பாராத கோணத்தில் பாஸ். 1980களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பாசல் அணிக்குப் போய் ஆடிவந்தவர். 1993 மலேசியக் கோப்பைப் போட்டியில் புருணைக்கு எதிராக அந்தரத்தில் மல்லாந்து அவர் உதைத்த கோலை அந்தத் தலைமுறை இன்னும் பேசுகிறது.

இப்படிப்பட்டவர் பயிற்சியாளரானால் அணி எப்படி ஆடும்? எல்லோரும் தாக்குதல் ஆட்டத்தைத்தான் எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. பல ஆண்டு இடைவெளிக்குப் பின் மலேசிய லீகில் மீண்டும் ஆடச் சிங்கப்பூர் 2012இல் 'லயன்ஸ்XII' என்ற அணியை உருவாக்கியது. பெரும்பாலும் இளைஞர்கள் நிறைந்த அந்த அணியைச் சுந்தரமூர்த்தியிடம் கொடுத்தார்கள். முதல் ஆண்டு சூப்பர் லீகில் இரண்டாமிடம். 2013 ஜூலையில் ஜாலான் புசார் மைதானத்தில் ஃபெல்டா யுனைடெட்டை 4-0 என்று வென்று சாம்பியன் பட்டம். ஒழுங்கான தடுப்பு வரிசை, இடைவெளி விடாத நடுக்களம், கிடைத்த வாய்ப்பை வீணாக்காத எதிர்த்தாக்குதல் ஆகியவைதான் அந்த அணியின் பலம்.

இதை முரண் என்று பார்க்க வேண்டியதில்லை. ஒரு தடுப்பு வரிசையை எப்படிப் பிளப்பது என்பதை இருபது ஆண்டு காலால் கற்றவருக்கு, அது எங்கே பிளக்கும் என்பதும் தெரியும். தன்னைப் போன்ற ஒருவர் எதிரணியில் இருந்தால் அவருக்கு எந்த இடத்தைக் கொடுக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கையில் இருக்கும் பையன்களுக்குத் தன் கால் கிடையாது என்பதையும் அவர் புரிந்துகொண்டார். அவர்களால் முடிந்ததை வைத்து வென்றார்.

ஆனால் இதே அணுகுமுறை தேசிய அணியில் பலிக்கவில்லை. 2016இல் சிங்கப்பூர் அணியின் பொறுப்பேற்றார். அந்த ஆண்டின் தென்கிழக்காசியக் கோப்பையில் முதல் சுற்றோடு வெளியேற்றம். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஒரு வெற்றிகூட இல்லை. எப்போதும் பின்னால் ஒதுங்கி நின்று ஆடுகிறார்கள் என்ற விமர்சனம் கடுமையாக எழுந்தது. 2018 ஏப்ரலில் விலகினார். இரண்டு அனுபவங்களுக்கும் நடுவில் மனிதர் மாறவில்லை. கையில் இருந்த நேரம் மாறியது. லயன்ஸ்XII பையன்கள் ஆண்டு முழுக்க அவரோடு பயிற்சி செய்தார்கள். தேசிய அணி ஆட்டக்காரர்கள் போட்டிக்குப் போட்டி சில நாட்கள் வந்து போனார்கள். கட்டுக்கோப்பான ஆட்டத்தைச் சில நாட்களில் ஊட்டிவிட முடியாது.

மலேசியா சொல்லும் பாடம்

கே. ராஜகோபாலின் வரலாறு இதை இன்னும் தெளிவாக்குகிறது. சிலாங்கூர் கால்பந்தில் ஆடி வளர்ந்த இவர், மூத்தோர் அணிக்கு வரும் முன்பே மலேசியாவின் இளையோர் அணிகளோடு ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். 2009இல் லாவோசில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில் 23 வயதுக்குட்பட்ட அணியைக் கொண்டு தங்கம் வென்றார். மலேசியா அந்தத் தங்கத்தைப் பார்த்து இருபது ஆண்டு ஆகியிருந்தது.

அடுத்த ஆண்டு பெரியவர்களுக்கான தென்கிழக்காசியக் கோப்பையான சுசுகி கோப்பை. புகழ்பெற்ற மூத்தவர்களைக் கூப்பிடாமல், பெரும்பாலும் அதே பையன்களையே அழைத்துப் போனார். ஜகார்த்தாவில் நடந்த முதல் ஆட்டத்தில் இந்தோனேசியா 5-1 என்று நசுக்கியது. ராஜகோபால் அணியைக் கலைக்கவில்லை. நடுக்களத்தில் அணித்தலைவர் சாபிக் ரஹீம், முன்னால் சாஃபி சாலி என்ற அமைப்பை நம்பினார். இறுதிப் போட்டியில் எதிரே வந்தது அதே இந்தோனேசியா. புக்கிட் ஜலீலில் 3-0 வெற்றி, ஜகார்த்தாவில் 2-1 தோல்வி, கூட்டுக் கணக்கில் 4-2. மலேசியாவுக்கு அந்தக் கோப்பை முதல்முறையாகக் கிடைத்தது. ஐந்து கோல் வாங்கிய அணி அதே மாதத்தில் அதே எதிரியை வென்றதற்குக் காரணம், பயிற்சியாளரும் பையன்களும் ஒருவரையொருவர் ஏற்கெனவே அறிந்திருந்ததுதான்.

உலகம் காட்டும் கணக்கு

பெரிய பெயர்களிலும் இதே கதைதான். பெப் குவார்டியோலா பார்சிலோனாவில் யோஹன் க்ரைஃபின் கீழ் நடுக்களத்தின் மையத்தில் ஆடியவர். பயிற்சியாளராக முதலில் அவருக்குக் கிடைத்தது பார்சிலோனாவின் பி அணி, அதுவும் 2007-08இல் ஸ்பெயினின் நான்காம் நிலை லீகில். சின்ன மைதானங்களில் ஓராண்டு உழைத்து அதை மேலே ஏற்றிய பிறகுதான் முதல் அணி. அந்த பி அணியிலிருந்து செர்கியோ புஸ்கெட்ஸையும் பெட்ரோவையும் கூட்டிக்கொண்டு போனார். ஸாபி அலோன்சோ மூன்று ஆண்டு ரியால் சோசியடாடின் பி அணியில் இருந்தார். பிறகு லெவர்குசனுக்குப் போய், 2023-24இல் ஜெர்மன் லீகில் 34 ஆட்டத்திலும் தோற்காமல் பட்டம் வென்றார். ஸிடானும் ரியால் மாட்ரிடின் இரண்டாம் அணியில் பயின்ற பிறகே மூன்று சாம்பியன்ஸ் லீக் பட்டங்களை வென்றார்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2020 ஜூலை இறுதியில் யுவென்டஸ் தன் 23 வயதுக்குட்பட்ட அணிக்கு ஆந்த்ரேயா பிர்லோவைப் பயிற்சியாளராக அறிவித்தது. பத்து நாள் கூட ஆகவில்லை, முதல் அணியையே அவரிடம் கொடுத்துவிட்டது. தன் தலைமுறையின் மிக நுட்பமான நடுக்கள மூளை அவர். ஒரே சீசனில் பதவி போயிற்று. மிஷேல் பிளாட்டினி ஆட்டத்தை விட்ட மறுவருடமே, 1988இல், பிரான்ஸ் அணியை ஏற்றார். 1992 ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் எட்டு ஆட்டத்தில் எட்டையும் வென்றார். ஆனால் கோப்பையில் குழுச் சுற்றைத் தாண்ட முடியாமல் விலகினார்.

அப்படியானால் பெரிய ஆட்டக்காரராக இருப்பது அவசியமா? இல்லை என்பதற்கு நம் வீட்டிலேயே சாட்சி உண்டு. 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவுக்குத் தங்கமும், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடமும் பெற்றுத்தந்த சையது அப்துல் ரஹீம் ஹைதராபாத்தின் பள்ளி ஆசிரியர். 2025இல் சிங்கப்பூரை ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெறச் செய்த கேவின் லீ தொழில்முறை ஆட்டக்காரராக இருந்ததே இல்லை. கற்பிக்கத் தெரிந்தவருக்கு ஆடிய பெருமை கூடுதல் பலம்; அது இல்லாமலும் நடக்கும். ஆடிய பெருமை மட்டும் இருந்து, கற்பிக்கப் பழகும் காலம் கிடைக்காதவருக்குத்தான் சிக்கல்.

ஜமீலுக்குக் கிடைத்த ஏழு ஆண்டு

இந்தக் கண்ணோட்டத்தில் ஜமீலைப் பார்த்தால் அவர் திடீரென முளைத்தவர் அல்ல என்பது தெரியும். 2009 முதல் 2016 வரை மும்பை எஃப்சி என்ற சின்ன கிளப்பின் பயிற்சியாளராக இருந்தார். குறைந்த பணம், நட்சத்திரம் இல்லாத அணி. ஒவ்வோர் ஆண்டும் லீகில் நிலைத்து நிற்பதே வேலை. அங்கே கற்றதை வைத்துத்தான் 2016-17இல் மிசோரத்தின் ஐஸால் எஃப்சியை ஐ-லீக் சாம்பியனாக்கினார். மோகன் பகானைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். முந்தைய சீசனில் தரமிறங்கி, பிறகு லீகில் மறுபடி சேர்க்கப்பட்ட அணி அது. 2021இல் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டைப் பாதி சீசனில் ஏற்று இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) அரையிறுதிக்குக் கொண்டுபோனார். அந்தச் சுற்றுக்கு ஓர் அணியைக் கொண்டுபோன முதல் இந்தியப் பயிற்சியாளர் அவரே.

ஐஎஸ்எல் தொடங்கியது 2014இல். இந்தியர் ஒருவர் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் துணைப் பயிற்சியாளராக, அல்லது வெளிநாட்டவர் நீக்கப்பட்டதும் சில வாரங்களுக்கு இடைக்காலப் பொறுப்பாளராக இருந்தார்கள். டெம்போவின் நடுக்களத்தில் கோலாச்சிய கிளிஃபர்ட் மிராண்டா 2023இல் ஒடிசா எஃப்சிக்கு அப்படித்தான் இடைக்காலமாக வந்தார். வந்த கையோடு சூப்பர் கோப்பையை வென்று கொடுத்தார்.

பெங்களூருவின் சண்முகம் வெங்கடேஷ் இன்னொரு எடுத்துக்காட்டு. நடுக்கள ஆட்டக்காரராக இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர். கான்ஸ்டன்டைனுக்கும் ஸ்டிமாச்சுக்கும் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். இளைஞர்களுக்கென்றே அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்திய இந்தியன் ஆரோஸ் அணிக்கும் அவர்தான் பயிற்சியளித்தார். குவார்டியோலாவுக்கு பார்சிலோனா பி எதுவோ, அதற்கு நம் நாட்டில் நெருங்கி நின்ற ஒரே ஏற்பாடு அந்த அணிதான். 2022இல் அதைக் கலைத்துவிட்டார்கள். இளம் ஆட்டக்காரர்களுக்கு நேர்ந்த இழப்பு பேசப்பட்டது. பயிற்சியாளர்கள் பழகும் களம் ஒன்று போனதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

காவிரிக் கடைமடையில்

டெல்டாவுக்குச் சொந்தமான நடுக்கள ஆட்டக்காரர் என்றால் தஞ்சாவூரின் காலியா குலோத்துங்கன். 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் இருந்தவர். மோகன் பகானுக்கும் மும்பை எஃப்சிக்கும் ஆடியவர். 2018 அக்டோபரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் 41 வயதில் இறந்தார். கொல்கத்தாவின் பெருங்கூட்டத்துக்கு நடுவே ஆடக் கற்ற அந்த அனுபவம் தஞ்சைச் சீமைப் பிள்ளைகளுக்கு நீண்ட காலம் பயன்பட்டிருக்க வேண்டியது.

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் காரைக்கால் மாவட்டத்துக் குரும்பகரத்தில் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து ஆடும் ஒரு பையன் இருந்தால் அவன் எங்கே போவான்? அவன் ஊரைச் சுற்றிலும் தமிழ்நாடு. ஆனால் மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பையில் அவன் ஆட வேண்டியது புதுச்சேரிக்கு. தேர்வுக்கும் முகாமுக்கும் புதுச்சேரி நகருக்குச் சுமார் 130 கிலோமீட்டர் போக வேண்டும். மயிலாடுதுறை, நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களின் அணிகள் கூப்பிடு தூரத்தில் இருந்தும் நிர்வாக வரைபடத்தில் வேறு மாநிலம். அறுவடை முடிந்த வயலில் ஐவர், எழுவர் ஆட்டம் ஆடித் திறமை காட்டுகிறவனுக்குப் பதினொருவர் ஆட்டத்தின் நடுக்களத்தைச் சொல்லித்தர ஆள் வேண்டும். பெரிய மைதானத்தில் எப்போது பந்தை நிறுத்த வேண்டும், எப்போது ஒரே தொடுதலில் விட வேண்டும் என்பது சின்ன மைதானத்தில் பிடிபடாது.

அதே ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்த மாஹே, மலபாரின் கால்பந்து மண்ணில் இருக்கிறது. அங்கே பழகிய பயிற்சியாளர்களைக் காரைக்காலுக்கு ஒரு சீசன் அனுப்பி வைக்க நிர்வாகத் தடை எதுவும் இல்லை. அதைவிட முக்கியமானது, காரைக்காலில் ஆடி முடித்தவர்களையே பயிற்சியாளராக்குவது. கூட்டமைப்பின் பயிற்சியாளர் உரிமங்களில் டி, சி, பி, ஏ, ப்ரோ என்று ஏறும் ஏணி இருக்கிறது. ப்ரோ உரிமம் இல்லாமல் ஐஎஸ்எல் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக முடியாது. வேலைக்கு லீவு போட்டு, பயணச் செலவும் கட்டணமும் கொடுத்து முதல் இரண்டு படி ஏறுவதற்குள்ளேயே பலருக்கு மூச்சு வாங்கிவிடுகிறது.

1973இல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையை வென்று தந்த அணியின் பயிற்சியாளர் சைமன் சுந்தர்ராஜ், 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்த தமிழர். பக்கத்து மாநிலம் நம்மவரை நம்பி அணியைக் கொடுத்தது. அவர் கோப்பையோடு திருப்பிக் கொடுத்தார். ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் தமிழ்நாடும் புதுச்சேரியும் ஆடி முடித்த நடுக்கள ஆட்டக்காரர்களை ஊர்ப் போட்டிகளில் பரிசு கொடுக்கச் சிறப்பு விருந்தினராகத்தான் அழைக்கின்றன. மாவட்டந்தோறும் அவர்களில் ஒருவருக்கு உரிமப் படிப்புக்கான செலவை ஏற்று, 15 வயதுக்குட்பட்ட அணி ஒன்றை ஐந்து ஆண்டுக்கு ஒப்படைப்பது, ஒரு மாநிலப் போட்டியின் விளம்பரத்துக்கும் விருந்துக்கும் ஆகும் தொகையில் முடிகிற வேலை. காரைக்காலிலிருந்தே அதைத் தொடங்கலாம்.